வடம் மட்டும் புதுசு!

வின்ச் என்றால் நம் ஜனங்களுக்கு உடனே ஞாபகம் வருவது பழனி. படியேற முழங்கால் ஒத்துழைக்காத பக்தர்களை இரும்புக் கயிற்றில் கட்டி முருகனிடம் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்க்குமே, அந்தப் பெட்டி. 2004-ல் ரோப் கார் வந்து விட்டாலும் வின்ச்சுக்கு இருக்கிற மவுசு குறையவில்லை. பழனி போய் வந்தவரிடம், 'சாமி நல்லா தெரிஞ்சுதா?' என்று கேட்பதற்கு முன்னால் 'வின்ச்சுல கூட்டமா?' என்று கேட்கிறவர்களே அதிகம்.

உண்மையைச் சொன்னால், நாம் ஏறி உட்காரும் பெட்டி வின்ச்சே இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் ஓர் அறைக்குள் இருந்துகொண்டு கயிற்றைச் சுருட்டுகிற உருளை, அதைச் சுற்றுகிற மோட்டார், பல் சக்கரம், பிரேக், இவை சேர்ந்ததுதான் வின்ச். உழைப்பது உள்ளே, பேர் வாங்குவது வெளியே. ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை!

எங்கள் வீரசோழன் பக்கத்துப் பெரியவர்களுக்கு இது ஒன்றும் புது சமாசாரம் அல்ல. பம்ப் செட் வருவதற்கு முன்னால் கமலை இருந்தது. இரண்டு மாடு, ஒரு சால், மேலே ஓர் உருளை, ஒரு வடம், ஒரு வால் கயிறு. மாடு சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். மோட்டாருக்குப் பதில் மாடு; மற்றபடி இதுவும் வின்ச்சுக்குப் பெரியப்பாதான். சால் ஓட்டையானால் ஒட்டுப் போடுவார்கள். உருளை தேய்ந்தால் இன்னும் ரெண்டு நாள் ஓடட்டும் என்று விடுவார்கள். ஆனால் வடத்தை மட்டும் தினம் கையால் தடவிப் பார்க்காமல் மாட்டைப் பூட்ட மாட்டார்கள். அறுந்தால் சரிவில் இறங்கும் மாடு குப்புற விழும். அந்தக் காலத்தில் ஒரு சம்சாரிக்கு மாடு போனால் பாதி உசுரு போன மாதிரி.

இந்த முன்னுரை எதற்கு என்றால், என் மாமா ஒரு வின்ச் வாங்கினார். பழசு.

மாமாவிடம் ஒரு ஜீப் இருக்கிறது. எம்.எம்.540. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பை 1947-ல் பம்பாயில் மஹிந்திரா கம்பெனி பூட்டி விற்க ஆரம்பித்ததல்லவா, அந்த வம்சத்துப் பேரன். வயதுக்குத் தகுந்த இருமல் உண்டு. கோடையில் பிரச்னை இல்லை. எங்கள் கரிசல் மண் அப்போது வாய் பிளந்து கிடக்கும். வெடிப்பில் கால் நுழையும். ஆனால் ரோடு மாதிரி கெட்டி. ஐப்பசியில் நாலு மழை விழட்டும், அதே மண் திருநெல்வேலி அல்வா! கண்மாய்க்கரைப் பாதையில் போன வண்டி சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு வராது. கரிமூட்டைகளை ஏற்றி வருகிற குட்டியானை வண்டிகள் (எங்கள் ஊரில் சீமைக்கருவேலம்தான் பயிர், கரிதான் அறுவடை) வாரத்துக்கு ரெண்டாவது சிக்கும். அப்புறம் டிராக்டர் தேட வேண்டும். டிராக்டர்காரர் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, வண்டியின் நிலைமையைப் பார்த்துவிட்டு, அதற்குத் தகுந்த மாதிரி ரேட் சொல்வார்.

மாமா என்னைக் கூப்பிட்டார். பி.காம். படித்தவன் என்று குடும்பத்தில் எனக்கு ஒரு மரியாதை. கல்யாண வீடுகளில் மொய் நோட்டு எழுத முதலில் என்னைத்தான் தேடுவார்கள்.

"மாப்ள, ஜீப்பு முன்னாடி ஒரு வின்ச்சு மாட்டிட்டா நம்ம வண்டியையும் இழுத்துக்கிடலாம், மத்தவுக வண்டியையும் இழுத்துக் குடுக்கலாம். எத்தனை வண்டி இழுத்தா போட்ட காசு வரும்னு கணக்குப் பாத்துச் சொல்லு."

அதாவது பிரேக்-ஈவன். எனக்குத் தெரிந்த ஒரே பிரேக் அதுதான். இன்னொரு பிரேக்கைப் பற்றி அப்புறம் தெரிந்துகொண்டேன்.

ஜீப் வின்ச் என்பது பார்க்க எளிமையான சாமான். நடுவில் உருளை. ஒரு பக்கம் 12 வோல்ட் மோட்டார், மறு பக்கம் கியர் பெட்டி. மிலிட்டரி வண்டிகளில் எஞ்சினோடு இணைத்த வின்ச் முன்பே இருந்தது. போர் முடிந்து மலிவாகக் கிடைத்த ஜீப்புகளுக்குச் சாமான் செய்து விற்க அமெரிக்காவில் 1948-ல் ஆரம்பித்த வார்ன் கம்பெனி, 1959-ல் பாட்டரியில் ஓடுகிற வின்ச்சைச் சாதாரண ஜீப்காரர்களுக்குக் கொண்டு வந்தது. 1974-ல் அவர்கள் போட்ட 8274 என்ற மாடலுக்குக் காட்டிலும் மேட்டிலும் ஜீப் ஓட்டுகிறவர்கள் மத்தியில் இன்றைக்கும் எம்.ஜி.ஆர். பட ரேஞ்சுக்கு மரியாதை. இழுவை 8,000 பவுண்டு. நம் கணக்கில் 3,629 கிலோ.

மாமா வாங்கியதில் பேர்ப் பலகையே இல்லை. மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் டைனமோக்களுக்கும் உடைந்த கியர் பெட்டிகளுக்கும் நடுவில் குப்புறக் கிடந்ததாம். 'எஸ்டேட் ஜீப்புல இருந்தது ஸார்' என்றார் கடைக்காரர். எந்த எஸ்டேட், எந்த வருஷம், எத்தனை கிலோ என்பதற்கெல்லாம் புன்னகைதான் பதில். ரமண மகரிஷி பிறந்த திருச்சுழி எங்களுக்குப் பக்கம் என்பதாலோ என்னவோ, அந்த வின்ச்சும் 'நான் யார்?' என்று கேட்டபடியே 7,500 ரூபாய்க்கு ஊர் வந்து சேர்ந்தது. உருளை அளவையும் மோட்டார் பருமனையும் பார்த்து, 8,000 பவுண்டு ஜாதி என்று நாங்களாக முடிவு கட்டினோம்.

மாமாவின் பட்ஜெட் மொத்தம் 15,000. மிச்சம் 7,500-க்குள் அதற்கு உயிர் கொடுக்க வேண்டும்.

முதல் சந்தோஷம், மோட்டார். அதை அருப்புக்கோட்டையில் லாரிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்க்கிற அண்ணாச்சியிடம் கொண்டு போனோம். திருப்பிப் பார்த்தார். "இது என்னங்க அதிசயம்? செல்ஃப் மோட்டாருக்குச் சித்தப்பா மகன்!" என்றார். அதுதான் நிஜம். வண்டியை ஸ்டார்ட் பண்ணுகிற செல்ஃப் மோட்டாரும் வின்ச் மோட்டாரும் ஒரே குடும்பம். அதே ஆர்மேச்சர், அதே நாலு கார்பன் பிரஷ், அதே பித்தளை புஷ். கார்பன் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது, மாற்றினார். ஆர்மேச்சரின் செம்புப் பட்டைகள் கறுத்துப் போயிருந்தன. மாமா எமரித் தாளை எடுத்துக் கொடுத்தார். அண்ணாச்சி அதை வாங்கித் தூரப் போட்டுவிட்டு, நைஸான உப்புத்தாளால் துடைத்தார். எமரித் தூள் பட்டைகளின் நடுவே உட்கார்ந்துகொண்டால் கரன்ட் கண்ட பக்கம் பாயுமாம். பிறகு உடைந்த ஹாக்ஸா பிளேடை வைத்து ஒவ்வொரு பட்டைக்கும் நடுவே இருக்கிற இடுக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். பல் டாக்டர் தோற்றார். கூலியோடு 900 ரூபாய். எந்தப் பெரிய ஊரிலும் இதற்கு 'வின்ச் ஸ்பெஷலிஸ்ட்' என்று போர்டு மாட்டி மூவாயிரம் வாங்கியிருப்பார்கள்.

கியர் பெட்டியைத் திறந்தால் உள்ளே கிரீஸ் இல்லை. பழைய பனங்கருப்பட்டிதான் இருந்தது. டீசலில் ஒரு ராத்திரி ஊறப் போட்டுக் கழுவினோம். நடுவில் ஒரு பல் சக்கரம், சுற்றி மூன்று சின்னச் சக்கரங்கள், அதைச் சுற்றி வளையம். அதே மாதிரி மூன்று அடுக்கு. சூரியனும் கிரகங்களும் மாதிரி இருப்பதால் பேரும் கிரக கியர் என்பதுதான். மோட்டார் வேகமாகச் சுற்ற, அடுக்குக்கு அடுக்கு வேகம் குறைந்து பலம் கூடும். பற்கள் நன்றாக இருந்தன. பல் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பேர் தெரியாத வின்ச்சுக்குப் பல் சக்கரம் தேடுவது, ஜாதகம் இல்லாத பையனுக்குப் பெண் தேடுகிற மாதிரி.

ஆனால் பேரிங்குக்கு ஜாதகம் உண்டு. இது தெரிந்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை, உங்களுக்கும் சொல்லி விடுகிறேன். பேரிங்கின் விளிம்பில் 6205 என்று பொறித்திருக்கும். கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள் துளையின் அளவு: 25 மில்லிமீட்டர். 6206 என்றால் 30. (04-க்குக் கீழே இந்தக் கணக்கு செல்லாது, அதற்கு வேறு வாய்ப்பாடு.) உலகத்தில் எந்த நாட்டுச் சாமானாக இருந்தாலும் எண் ஒன்றுதான். வின்ச் கம்பெனியின் பெயரைச் சொல்லி பேரிங் கேட்டால் ஒரு விலை, '6205 ரெண்டு கொடுங்க' என்றால் வேறு விலை. ஆயில் சீலும் அப்படியே. உள் அளவு, வெளி அளவு, தடிமன் மூன்றும் அதிலேயே எழுதியிருக்கும். தண்ணி பம்ப் சாமான் விற்கிற கடையிலேயே இரண்டும் கிடைத்தன. 650 ரூபாய்.

மிச்சம் பிடிக்க இன்னொரு இடம் வயர். ஜீப் வின்ச் முழுச் சுமையில் 400 ஆம்பியர் வரை இழுக்கும். வீட்டில் ஏ.ஸி. ஓடினால் பத்து ஆம்பியர்கூட வராது. அதை வைத்து மனக்கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண வயர் போட்டால் வறுவல்தான். எங்கள் வெல்டிங் பாய் சொன்ன யோசனை: வெல்டிங் கேபிள். தடியான செம்பு, வளையும் தன்மை, மீட்டர் கணக்கில் கிடைக்கும். முனையில் லக் வைத்து நன்றாக அழுத்தியாயிற்று. பாட்டரி பக்கத்தில் பஸ், லாரிகளில் இருக்குமே, ஒரு கட்-ஆஃப் சுவிட்ச், அதையும் போடச் சொன்னார். மாமா "அது எதுக்கு வெட்டிச் செலவு?" என்றார்.

பாய் விளக்கினார். ரிமோட் பட்டனை அமுக்கினால் கரன்ட் நேராக மோட்டாருக்குப் போவதில்லை. நடுவில் சோலனாய்டு இருக்கிறது. அதனுள் இரண்டு செம்பு முனை ஒட்டும், விடும். பழசானால் சில சமயம் ஒட்டும், விடாது! பட்டனில் இருந்து கையை எடுத்தாலும் வின்ச் தன்பாட்டுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். அப்போது ஓடிப்போய் பாட்டரியைத் துண்டிக்க ஒரு வழி வேண்டும். 450 ரூபாய். மாமா வாய் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். சோலனாய்டும் புதுசு, 1,800. இதற்குள் பட்ஜெட்டின் கழுத்து தெரிய ஆரம்பித்துவிட்டது.

சண்டை வந்தது பிரேக்கில்.

இந்த மாதிரி வின்ச்சில் பிரேக் வெளியே தெரியாது. உருளைக்குள் ஒரு தண்டு, அதில் ஒரு ஸ்பிரிங், இரண்டு துண்டு லைனிங். இழுத்தது போதும் என்று நிறுத்தினால், வண்டி பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்வது இந்த விரற்கடைத் துண்டுகள்தான். தேர் இழுக்க ஊரே வரும். ஆனால் சரிவில் தேரை நிறுத்துவது முட்டுக்கட்டை போடுகிற நாலு பேர். அதே வேலை. மாமாவின் வின்ச்சில் லைனிங் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தது.

"பழைய லாரி லைனிங்கை வெட்டி ஒட்டிருவோம் பாய். பசை போட்டு ரிவெட் அடிச்சா நூறு ரூபா" என்றார் மாமா.

"அண்ணே, மத்ததுல எல்லாம் கஞ்சத்தனம் பண்ணுங்க. நானே யோசனை சொல்றேன். இதுலயும் கயித்துலயும் பண்ணாதீக. பண்றதா இருந்தா வேற பட்டறை பாத்துக்குங்க."

இரண்டு நாள் ஜீப் பட்டறை வாசலில் அப்படியே நின்றது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தும் பார்க்காத மாதிரி டீ குடித்தார்கள். நடுவில் நான் கணக்கு நோட்டோடு. கடைசியில், அளவு எடுத்து, இன்டர்நெட்டில் தேடி, பிரேக் செட் முழுசாக கூரியரில் வரவழைத்தோம். 2,300. மாமா பார்சலைப் பிரித்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "இத்தனூண்டுக்கா?" என்றார். பூட்டும்போது பாய் தன் கையில் இருந்த கிரீஸைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்துதான் அந்தத் துண்டுகளைத் தொட்டார். கியருக்கு அமிர்தமாக இருக்கிற கிரீஸ், பிரேக்குக்கு விஷம்.

அடுத்தது கயிறு. வின்ச்சோடு இருபது மீட்டர் இரும்பு ரோப் வந்திருந்தது. பார்க்கத் தெம்பாகத்தான் இருந்தது. பாய் ஒரு பழைய பருத்தித் துணியை அதன்மேல் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை உருவினார். மூன்று இடத்தில் துணி சிக்கிக் கிழிந்தது. உள்ளே கம்பி அறுந்து மீசை விட்டிருக்கிறது என்று அர்த்தம். (வெறும் கையால் உருவிப் பார்க்க நினைக்கிற வாசகர்கள், முதலில் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளவும்.) ஓர் இடத்தில் முறுக்குத் திரும்பி மடிந்திருந்தது. மடிந்த இரும்புக் கயிறு நிமிர்த்தினாலும் பழைய பலத்துக்கு வராது.

புது ரோப், 8 மில்லிமீட்டர், 25 மீட்டர், அடித்துச் செய்த கொக்கி எல்லாம் சேர்ந்து 3,400. கொக்கிப் பக்கத்தில் கயிற்றை மடக்கிக் கிளாம்ப் போடுவதில் ஒரு சூட்சுமம். கிளாம்ப்பின் பட்டையான பகுதி சுமை தாங்குகிற கயிற்றின்மேல் உட்கார வேண்டும். வளைந்த போல்ட் பகுதி வால் கயிற்றின்மேல். நம் ஊர்க் கொடிக்கம்பம், ஆன்டெனா, பந்தல் எதை வேண்டுமானாலும் அண்ணாந்து பாருங்கள். பாதி தலைகீழாகத்தான் இருக்கும். தலைகீழாகப் போட்டால் கயிற்றைப் பிடிக்காது, நசுக்கும்.

வின்ச்சைத் தாங்குகிற இரும்புத் தகடும் போல்ட்டும் 1,300. போல்ட் தலையில் 8.8 என்று எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்கினோம். எழுத்தில்லாத போல்ட் கட்டில் பூட்ட ஆகும். தகட்டைக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்துகொண்டார் மாமா. வண்டியின் முகத்தில் இஷ்டத்துக்கு இரும்பு மாட்டுவது கூடாது என்று 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியதிலிருந்து ரோட்டில் கெடுபிடி. அதனால் ஊருக்குள் போகும்போது வின்ச் திண்ணையில் இருக்கும். மழைக்காலக் கண்மாய் வேலைக்கு மட்டும் ஜீப்பில் ஏறும்.

மொத்தம் கூட்டினேன். 19,900. பட்ஜெட்டைப் போல் ஒன்றேகால் பங்குக்கும் மேல். அதிகப்படியில் பெரிய பங்கு பிரேக்கும் வடமும். புதுசு வாங்கினால் இதைவிட எவ்வளவோ ஆகியிருக்கும் என்று நான் ஆறுதல் சொன்னேன். "வாங்கலையே, அதனால அது கணக்குல வராது" என்றார் மாமா. பி.காம். படித்தவன் நானா, அவரா?

சோதனை ஓட்டம் கண்மாய்க்கரைச் சரிவில். மேலே ஒரு பனைமரம். மரத்தில் கயிற்றை நேராகச் சுற்றக் கூடாது. மரத்தையும் அறுக்கும், கயிறும் மடியும். அகலமான பட்டையைச் சுற்றி, அதில் கொக்கி. சீமைக்கருவேலத்தில் கட்டலாமா என்றால் கட்டலாம், ஆனால் தூரோடு சேர்த்துக் கட்ட வேண்டும். கிளையில் கட்டினால் ஜீப் வராது, கிளை வரும். ஜீப் மெதுவாக ஏறியது. பாதியில் நிறுத்தி, உருளைக்கும் சட்டத்துக்கும் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டார் பாய். பத்து நிமிஷம் கழித்தும் கோடு கோணவில்லை. பிரேக் பாஸ். மாமா முகத்தில், மகன் பத்தாவது பாஸான களை.

கயிற்றை இப்படிச் சுமையோடு சுற்றிக்கொள்வதும் ஒரு முக்கியமான வேலை. லூஸாகச் சுற்றினால், பிற்பாடு மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் இறங்கி மாட்டிக்கொள்ளும். எவ்வளவு அவிழ்த்தாலும் உருளையில் ஐந்து சுற்று மிச்சம் இருக்க வேண்டும். இன்னொரு வேடிக்கை: 3,600 கிலோ என்று சொல்வதெல்லாம் உருளையின் கடைசி அடுக்குக்கு, அதாவது கயிறு கிட்டத்தட்ட முழுசும் வெளியே இருக்கும்போது. அடுக்கு ஏற ஏற உருளை பெருக்கிறது, இழுவை குறைகிறது. மேல் அடுக்கில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடும். பலம் போதவில்லை என்றால் ஒரு கப்பியைப் போட்டு கயிற்றைத் திருப்பிக் கொண்டு வந்து ஜீப்பிலேயே மாட்ட வேண்டும். வேகம் பாதி, பலம் கிட்டத்தட்ட ரெட்டிப்பு.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம். படித்துத் தீராத பிரச்னை ஒன்று உண்டு: ஜனங்கள். கரிசலில் ஒரு வண்டி சிக்கினால் பத்து நிமிஷத்தில் நாற்பது பேர் கூடுவார்கள். அதில் முப்பத்தொன்பது பேர் நிபுணர்கள். எல்லோரும் விறைத்த கயிற்றுக்குப் பக்கத்தில்தான் நிற்பார்கள். சில பேர் அதன்மேல் கை வைத்துத் தாளம் போடுவார்கள். ஒரு பையன் கட்டாயம் தாண்டிக் குதிப்பான். விறைத்த இரும்புக் கயிறு அறுந்தால் அடிக்கிற அடி சாட்டையடி இல்லை, அரிவாள் வெட்டு. அதனால் மாமா நடுக்கயிற்றில் நனைத்த சாக்கு இரண்டைப் போடுவார் (அறுந்தாலும் துள்ளாமல் அமுக்கும்). கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் எல்லோரும் தள்ளிப் போகும்வரை பட்டனைத் தொட மாட்டார். "எல்லாரும் அங்கிட்டுப் போங்கப்பா!" என்று கத்தியே அந்த ஐப்பசியில் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மூன்று குட்டியானை, ஒரு கல்யாண வேன், ஒரு டிராக்டர். ஆமாம், டிராக்டர்! அதற்கு மட்டும் மாமா காசு வாங்கவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு, வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, டிராக்டர்காரர் முன்பு பார்த்த மாதிரியே நிதானமாகப் பார்த்தார். அந்தத் திருப்தி போதுமாம்.

பங்குனியில் மாமாவின் பெரியப்பா மகன் வந்தார். மாமாவைவிட மூத்தவர். அவர் கிணற்றில் சகதி மேடிட்டுக் கிடக்கிறது. தூர் வார வேண்டும்.

"தம்பி, கிரேன்காரன் நாள் வாடகை எக்கச்சக்கமாக் கேக்குறான். ஒன் ஜீப்பைக் கெணத்துமேட்டுல நிப்பாட்டு. ரெண்டு ஆளை உள்ள இறக்கி, சகதியையும் தூக்கிருவோம். மூணு நாள் வேலை."

"அது ஆள் தூக்குற மிசினு இல்லண்ணே."

"ஜீப்பையே இழுக்குதுங்கிற. அறுபது கிலோ ஆளைத் தூக்காதா?"

நியாயமான கேள்வி மாதிரி இருக்கிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. மாமா திண்ணையில் உட்கார்ந்து பதில் சொன்னார். அவர் இத்தனை பேசி நான் கேட்டதில்லை. ஜீப்பை இழுக்கும்போது கயிறு அறுந்தால் ஜீப் சேற்றில் கிடக்கும், நாளைக்கு எடுக்கலாம். இந்த வின்ச்சில் உருளையைக் கழற்றிவிட ஒரு பிடி இருக்கிறது. வேட்டி நுனி பட்டு அது திரும்பினால் கயிறு மொத்தமும் அவிழும். சோலனாய்டு ஒட்டிக்கொண்டால், மேலே வருகிறவன் கையை உருளைக்குள் இழுத்துவிடும். பிரேக் ஒன்றே ஒன்று. அது போனால் பிடிக்க ரெண்டாவது கிடையாது. லிஃப்ட்டில் கயிற்றின் பலம் சுமையைப் போல் பத்து மடங்குக்கு மேல் வைத்து, ஒன்றுக்கு நாலு கயிறு போட்டு, அதெல்லாம் அறுந்தாலும் பெட்டியைக் கவ்விப் பிடிக்க ஓர் ஏற்பாடும் வைக்கிறார்கள். இந்த 8 மில்லிமீட்டர் ரோப் அறுகிற பாரம் ஏறக்குறைய நாலு டன், வின்ச் இழுப்பது மூன்றரைக்கு மேல். நடுவில் இருக்கிற இடைவெளி ஒரு முழம்கூட இல்லை. அதனால்தான் ஜீப் வின்ச் செய்கிற கம்பெனிகள் எல்லாமே, ஆளைத் தூக்கவோ இறக்கவோ கூடாது என்று புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போடுகின்றன.

அண்ணனுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. 'கூடப் பிறந்தவனாட்டம் நெனச்சு வந்தேன்' என்று ஆரம்பித்து, தாத்தா காலத்து வரப்புத் தகராறு வரைக்கும் போய் வந்தார். மாமா அசையவில்லை. அண்ணன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். வாசலைத் தாண்டும்போது கொல்லைப்பக்கம் அவர் கண்ணில் ஒன்று பட்டது. வின்ச்சோடு வந்த பழைய ரோப். இரண்டு வேப்பமரத்துக்கு நடுவே அத்தை அதைத் துணி காயப்போடுகிற கொடியாகக் கட்டியிருந்தாள்.

"சரி, அந்தக் கம்பி வடத்தையாவது குடு. கிரேன்காரன் கயிறு நைஞ்சு கெடக்குன்னு சொன்னான். சேத்துக் கட்டிக்கிட்டா ஓடிரும்."

கிணறு வெட்டுகிற கிரேனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு டீசல் எஞ்சின், பழைய கியர் பெட்டி, உருளை, காலால் மிதிக்கிற பிரேக். கல்லும் மண்ணும் ஏறுகிற தொட்டியில்தான் ஆளும் ஏறி இறங்குவார். கயிறு அறுந்து கிணற்றுக்குள் விழுந்தார் என்று நாலு வரிச் செய்தி பேப்பரில் ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. ஊர்ப் பெயரும் வயதும்தான் மாறும்.

"நாளைக்கு வாங்கண்ணே, பேசுவம்" என்றார் மாமா.

அன்று ராத்திரி பத்து மணிக்குக் கொல்லையில் டங், டங் என்று சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தேன். மாமா அந்த ரோப்பை அவிழ்த்து, தண்டவாளத் துண்டின்மேல் வைத்து, உளியால் முழத்துக்கு ஒரு வெட்டாக வெட்டிக்கொண்டிருந்தார். இருபது மீட்டரும் முடிய நடுநிசி ஆனது. காலையில் சைக்கிளில் கிளம்பிக் கிரேன்காரரைத் தேடிப் போனார். கையில் ஒரு பழைய பருத்தித் துணி. மத்தியானம் திரும்பி வந்து, "புதுசு போடாம எறங்க வேணாம்னு சொல்லிட்டேன். பாதிக் காசு நம்ம தர்றதா ஒத்துக்கிட்டேன்" என்றார். அண்ணன் இன்னும் பேசவில்லை. கிணறு தூர் வாரி முடிந்தது.

நான் கணக்கு நோட்டைத் திறந்தேன். அந்தப் பாதிக் காசை எந்தத் தலைப்பில் எழுதுவது? வின்ச் செலவா, கிணற்றுச் செலவா, குடும்பச் செலவா? யோசித்துக்கொண்டிருக்கும்போது ஈரத்துணி வாளியோடு அத்தை கொல்லைக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"எங்க எங் கொடி?"

மாமா என்னைப் பார்த்தார். "எழுதிக்க மாப்ள. நைலான் கயிறு, அறுபது ரூபா."